அதிதியின் பங்கு

கோயில் மடைப்பள்ளியின் பழைய பக்குவங்களை இல்லத்தில் சமைத்துப் பார்க்கும் ஆர்வம் பலர்க்கு உண்டு. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியே மிளகாய் வருமுன் மிளகே காரம் தந்தது என்றறிந்து, அளவும் பொருளும் தேடுவர். அளவு பொருந்தினால் பழைய அமுது மீண்டதாகுமா?

திருவள்ளூராகிய திருஎவ்வுள் தலவரலாறு விடை பகர்கிறது. சாலிஹோத்ர முனிவர் ஓராண்டு உண்ணாநோன்பிருந்து, உதிர்ந்த நெல்மணிகளைப் பொறுக்கி மாவாக்கி, எம்பெருமானுக்கு நிவேதித்து, அதிதியை எதிர்நோக்கியிருந்தார். கிழவேதியராய் வந்த பெருமான் தம் பங்கை உண்டும் பசி தீராது நிற்க, முனிவர் தம் பங்கையும் ஈந்து மீண்டும் ஓராண்டு நோன்பு பூண்டார். மறு ஆண்டும் வந்து உண்ட முதியவர், படுக்க இடம் எவ்வுள் என வினவி, முனிவர் காட்டிய இடத்தே பள்ளிகொண்டருளினார். வீரராகவனின் வலக்கரம் இன்றும் அம்முனிவரின் சிரத்தின்மீது விளங்குகிறது.

அந்த மாவின் பக்குவம் எளிது: பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இடித்துச் சலித்தால் போதும். தான் பசித்திருக்கையில் பிறர் பசிக்கு ஈயும் மனமே அரிது. பெருமானுக்கு நிவேதித்தாயிற்றே, அது போதாதா எனலாம். நிவேதனம் முடிந்த பின்னரன்றோ அவன் பசியோடு வாயிலில் வந்து நின்றான்! தை அமாவாசையன்று மாவிடிப்போர் அதிதியின் பங்கை முதற்கண் எடுத்துவைப்பாராக. பழைய சுவை அப்பங்கிலேயே உள்ளது.