தாலந்தும் தப்பும்

மதுரை கோரிப்பாளையத்தில் குடியிருப்பவர்களுக்கு மேளச் சத்தம் புதிதல்ல. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்க வரும்போது இந்த வட்டாரமே அதிரும். தர்காவில் சந்தனக்கூடு என்றால் அது ஒரு சத்தம். ராஜாஜி ஆஸ்பத்திரியிலிருந்து யாரையாவது தத்தனேரிச் சுடுகாட்டுக்குக் கொண்டு போனால் முன்னால் நாலு பேர் தப்பு அடித்துக்கொண்டு போவார்கள். அந்தச் சத்தம் கேட்டால் மட்டும் நான் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிடுவேன். பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று வீட்டில் காரணம் சொல்வேன். இருபது வருடம் இப்படித்தான் போனது. பயந்தவன் நான்தான்.

என் தாத்தா தப்பு அடித்தவர். மேலூர்ப் பக்கம் ஒரு கிராமம். பெரிய வீடுகளில் சாவு விழுந்தால் நடுச்சாமத்திலும் ஆள் வரும், போயாக வேண்டும். ஞானஸ்நானம் எடுத்த வருடம், ‘இனி சாவுக்கு அடிக்க வரமாட்டேன்’ என்று சொல்லிவிட்டாராம். அந்தப் போகம் முழுக்க யாரும் அவரைக் களத்து வேலைக்குக் கூப்பிடவில்லை என்று பாட்டி சொல்வார். ‘அப்பவும் உங்க தாத்தா காலையில ஜெபம் பண்ணிட்டு வெளியூருக்கு நடந்து போயி வேலை பாத்தாருய்யா’ என்பார்.

ஆனால் சபையிலும் தப்புக்கு இடம் கிடைக்கவில்லை. அது பழைய வாழ்க்கை, கோயிலுக்குள் வரக்கூடாது என்றார்கள். தப்பு பரணுக்குப் போனது. தாத்தாவின் விரல்கள்தான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஆர்மோனியத்தோடு கீர்த்தனை பாடும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் முதுகில் இரண்டு விரலால் அடித்துக்கொண்டே இருப்பார். எனக்கு அடி வந்தது அப்படித்தான். வேறு யாரும் சொல்லித் தரவில்லை.

படித்து, வாத்தியார் வேலை கிடைத்து, மதுரைக்கு வந்தபின் அந்த அடியை முதுகோடு வைத்துக்கொண்டேன். வாடகைக்கு வீடு பார்க்கும்போது சொந்த ஊர் எது என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கும். கிறிஸ்தவர்கள் என்று சொன்னால், ‘அதுக்கு முன்னாடி?’ என்று கேட்டவர்களும் உண்டு. தப்பைத் தொட்டால் அந்தக் கேள்விக்கு என் கையே பதில் சொல்லிவிடும். சபைப் பாடகர் குழுவில் அடங்கிய குரலில் பாடிக்கொண்டிருந்தேன். நல்ல பிள்ளை என்று பெயர்.

ஓய்வுநாள் பள்ளியில் சின்ன வயதிலிருந்து தாலந்துப் போட்டி என்கிறோம். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று நின்று யோசித்ததில்லை. மத்தேயு 25-இல் எஜமான் ஒருவனுக்கு ஐந்து, ஒருவனுக்கு இரண்டு, ஒருவனுக்கு ஒன்று கொடுக்கிறான். அந்த ஒன்று சில்லறைக் காசு என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். ஒரு தாலந்து சுமார் 6000 தினாரியம். ஒரு தினாரியம் ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். கிட்டத்தட்ட இருபது வருட உழைப்பைத்தான் அவன் குழி தோண்டிப் புதைத்தான். எஜமான் கணக்குக் கேட்டபோது புதைத்ததற்கு அவன் சொல்லும் காரணம் தன் பயம்தான். பிரசங்கங்களில் அவனைச் சோம்பேறி என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். எஜமானும் அப்படித்தான் திட்டுகிறான். எனக்கு என்னவோ அந்தப் பயம்தான் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. கொடுத்தவரைக் கடினமானவர் என்று அவன் நம்பிவிட்டான். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். பியானோவை ஏற்றுக்கொள்கிற கடவுள், என் தாத்தாவின் தோல்கருவியைக் கேட்டால் முகம் சுளிப்பார் என்று.

இந்த நம்பிக்கையை என்னிடமிருந்து பிடுங்கியவர் தியோபிலஸ் அப்பாவு. அரசரடியில், 1969-இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இசை சொல்லிக்கொடுத்தவர். பறட்டை அண்ணன் என்றால்தான் பலருக்குத் தெரியும். 2005-இல் காலமானார். கர்நாடக இசையும் மேற்கத்திய இசையும் தெரிந்தவர், தேர்ந்து எடுத்துக்கொண்டது நாட்டுப்புற இசையை. கிராமத்து மெட்டில், பேச்சுத் தமிழில் ஒரு முழு வழிபாட்டையே அமைத்தார். தப்பை, அதாவது பறையை, வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். நாட்டுப்புறப் பாட்டைப் பாடுகிறவர்கள் தங்களுக்கு ஏற்ப மாற்றிப் பாடலாம், ஆகவே அது அவர்களுக்குச் சொந்தம் என்பது அவர் வாதம். எல்லாரும் ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து சாப்பிடுவதையும் இதே மூச்சில்தான் பேசினார். சாதி தனித்தனி உலையில்தானே வாழ்கிறது.

பறையை மறுபடி எடுக்கவே கூடாது என்று சொல்கிறவர்களும் எங்களிடையே உண்டு. அடிமைச் சின்னம், கீழே போடு என்பார்கள். அவர்களோடு நான் சண்டை போடமாட்டேன். என் தாத்தா கீழே போட்டார். அடித்தே ஆகவேண்டும் என்று மற்றவர்கள் கட்டளையிட்ட காலத்தில் முடியாது என்பதற்கு அவருக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும்! யாரும் கட்டளையிடாத காலத்தில் கையில் எடுப்பதற்கு எனக்கு அதில் பாதிகூட வரவில்லை.

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தை அந்த நாட்களில் திரும்பத் திரும்பப் படித்தேன். பாட்டி லோவிசாளின் விசுவாசத்தை நினைவுபடுத்திவிட்டுத்தான் உனக்குள் இருக்கும் வரத்தை அனல் மூட்டு என்கிறார். அதை ஒட்டியே பயத்தைப் பற்றிப் பேசுகிறார். பாட்டி, வரம், அனல், பயம் எல்லாம் மூன்றே வசனங்களுக்குள். தப்பு அடிப்பவர்களுக்கு இந்த அனல் வெறும் உவமை இல்லை. காய்ச்சாத தப்பு பேசாது. ஈரம் ஏறிய தோல் சொதசொதவென்று கிடக்கும். நெருப்பில் காட்டினால்தான் இறுகி, குச்சி பட்டதும் கணீரென்று எழும். நான் பரணில் கிடந்த தோல்.

ஒரு அறுப்புப் பண்டிகைக்கு அப்பாவுவின் கிராமிய வழிபாடு என்று எங்கள் சபையில் முடிவானது. அடிக்க வருவதாகச் சொன்னவருக்கு முதல் நாள் காய்ச்சல். ஆயர் கூட்டத்தைப் பார்த்து, ‘யாருக்காவது தெரியுமா?’ என்றார். கை தூக்குவதற்குள் முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. அன்று ராத்திரி ஜெபத்தில் நான் கேட்டதெல்லாம், நாளைக்கு ஓடிப்போகாமல் இருக்கவேண்டும் என்பது மட்டும்தான்.

காலையில் கோயிலுக்குப் பின்னால் வைக்கோலைப் போட்டுக் கொளுத்தினோம். தப்பு கொண்டுவந்திருந்த பையன் தோலைத் தட்டிப் பார்த்துவிட்டு, ‘இன்னும் கொஞ்சம் காயணும் சார்’ என்றான். இடது கையில் சிம்புக்குச்சி, வலது கையில் அடிக்குச்சி. முதல் பாட்டில் இரண்டு இடத்தில் அடி தவறியது. மூன்றாவது பாட்டில் முதுகில் இரண்டு விரல் அடிக்கிற மாதிரி இருந்தது, அதற்குப்பிறகு தவறவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது சபையில் மூத்த அம்மா ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ‘இத்தனை வருசமா பாக்குறேன், கேட்டதே இல்ல. நீங்க எந்த ஊரு தம்பி? யாரு வீட்டுப் பிள்ளை?’

ஊர்ப் பெயரைச் சொன்னேன். எந்தத் தெரு என்றும் சொன்னேன். தாத்தா பெயரைச் சொல்லி, அவர் தப்பு அடித்தவர் என்றும் சொன்னேன்.