பேசாத பிள்ளை

எங்கள் பங்குப் பள்ளியின் நான்காம் வகுப்பில், கடைசி வரிசையில் ஒரு சிறுவன் அமர்ந்திருக்கிறான். ஒடிசாவின் பலாங்கீர்ப் பகுதியிலிருந்து செங்கற்சூளை வேலைக்கு வந்த குடும்பத்தின் பிள்ளை. ஆண்டின் நடுவில், தை மாதத்தில்தான் பள்ளியில் சேர்ந்தான். வருகைப் பதிவேட்டில் பெயர் உண்டு. வகுப்பில் அவன் குரலை எவரும் கேட்டதில்லை. கணக்குத் தேர்வில் பூச்சியம். "மந்தமான பிள்ளை, சாமி" என்றார் வகுப்பாசிரியை.

ஒருநாள் மாலை சூளைப் பக்கம் சென்றிருந்தேன். பெற்றோர் அன்று அறுத்த கல்லை வரிசை வரிசையாக எண்ணி, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு எனக் கூலியையும் கணக்கிட்டு, அவர்கள் ஊர் மேஸ்திரியிடம் தந்தைக்காக வாதாடிக்கொண்டிருந்தவன் அந்தச் சிறுவனே! கணக்கு அவனுக்கு நன்றாகத் தெரியும். கண்ணன் கடைக்குச் சென்று பழம் வாங்கிய கதையாக வினாத்தாள் கேட்கும்போது, கண்ணன் என்ன செய்தான் என்பதுதான் தெரியவில்லை.

இதை ஆசிரியையிடம் சொன்னேன். உழைப்பாளியான பெண்மணி, அவர் எழுப்பிய ஐயம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. "எல்லாருக்கும் ஒரே பாடநூல், ஒரே வினாத்தாள். இவனுக்கு மட்டும் சலுகை காட்டினால் மற்ற 38 பிள்ளைகளுக்கும் அது அநீதி ஆகாதா?"

பரிமாற்றத்தில் வேண்டியது எண்ணிக்கைச் சமம். பொதுவானதைப் பகிர்வதிலோ பொருத்தத்தின்படி அமையும் சமம். நீதியை இவ்வாறு இரண்டாகப் பிரித்துக் காட்டினார் புனித தாமஸ் அக்குவினாஸ். வகுப்பறையில் அந்தப் பொருத்தத்தை அளக்கும் கோல் பிள்ளையின் தேவையே என்பது என் எண்ணம். ஆசிரியையின் கேள்வி அமெரிக்காவில் வழக்காகவே எழுந்ததுண்டு. சான் பிரான்சிஸ்கோ பள்ளிகளில் ஆங்கிலம் அறியாத சீனப் பிள்ளைகள் ஏறத்தாழ 1,800 பேர் தனி உதவியின்றி விடப்பட்டிருந்தனர். ஒரே புத்தகமும் ஒரே ஆசிரியரும் தந்துவிட்டதனால் மட்டும் சமமாக நடத்தியதாகாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1974-இல் தீர்ப்பளித்தது. நம் அரசியலமைப்பில் 1956-இல் சேர்க்கப்பட்ட 350அ பிரிவும், மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகள் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற வழிசெய்ய முயலுமாறு மாநிலங்களைப் பணிக்கிறது.

சட்டத்தைவிட என்னை உறுத்தியது என் சொந்த நினைவு. கிராமத்தில் தமிழ்வழி பயின்று குருமடம் புகுந்தவன் நான். அங்கே மெய்யியல் முழுவதும் ஆங்கிலத்தில். ஒருநாள் பேராசிரியர் என்னை எழுப்பி வினவினார். விடை தமிழில் நெஞ்சில் நின்றது, நாவில் எழவில்லை. தலைகுனிந்து நின்றேன். நண்பர்கள் சிரித்ததை மறந்துவிட்டேன். ஆனால் நான் அறிவிலி என்று நானே நம்பத் தொடங்கினேனே, அதை மறக்க இயலவில்லை. மொழி தெரியாத பிள்ளை தனக்கு எதிராகத் தானே பொய்ச்சாட்சி சொல்லும்படி ஆகிவிடுகிறது. இரவு உணவுக்குப் பின் அரைமணி நேரம், அன்றன்றைய பாடத்தைத் தமிழில் விளக்கிச் சொன்னார் மூத்த மாணவர் ஒருவர். அந்த அரைமணியைச் சலுகை என்று சொல்ல எனக்கு இன்றும் மனம் வரவில்லை.

ஆசிரியை என்னோடு முழுவதும் உடன்பட்டாரா, அறியேன். ஆனால் மறுவாரம் அவர் கணக்கை வாக்கியமின்றிக் கரும்பலகையில் படமாக வரைந்தார். சூளையில் வேலை செய்யும் பெண்ணொருத்தியிடம் கேட்டு, பதிவேட்டின் பின்பக்கத்தில் எக, துய், தினி என ஒடிய எண்களைக் குறித்து வைத்திருந்தார். அதை அவர் வகுப்பில் படித்தபோது உச்சரிப்பு எங்கோ பிசகியது. கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் அவரைத் திருத்தியது.

மழைக்கு முன் சூளை நின்றுவிடும். குடும்பம் ஊர் திரும்பும். இங்கே அவன் கற்றதை அங்குள்ள பள்ளிக்குத் தெரிவித்து ஒரு கடிதம் கொடுத்தனுப்ப வேண்டும். தமிழில் எழுதினால் அங்கே யார் படிப்பார்கள்? ஒடிய மொழியில் எழுதித் தர ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.