தப்பான ஆட்டக்காரரை வெளியே உட்கார வை!

தம்பி, டிரே லான்ஸ் கல்லூரிக் காலத்தில் எத்தனை ஆட்டங்களில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கினார்? பதினேழு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாய். பிராக் பர்டியை எத்தனையாவது ஆளாக எடுத்தார்கள்? 262. அதற்கும் நீ யோசிக்க மாட்டாய். சரி, போன மாதம் உன் செக்கிங் அக்கவுண்டில் கட்டணம் என்று பேங்க் பிடித்தது எவ்வளவு?

ஏன், பேச்சைக் காணோம்?

அடுத்தவர் கோடிகளைப் பைசா சுத்தமாகப் பேசுகிற நீ, சொந்தச் சம்பளம் போய்ச் சேரும் இடத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. இதற்குக் காரணம் அறிவுக் குறைவு என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். பந்தை எறியும்போது ஒரு பையனின் பின்னங்கால் எங்கே ஊன்றுகிறது, நாலு பேர் பாய்ந்து வரும்போது அவன் கண் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தே, இவன் தேறுவான், இவன் தேறமாட்டான் என்று சொல்லக்கூடியவன் நீ. அந்தக் கண்ணை உன் பணத்தின் பக்கம் திருப்பத்தான் உனக்குத் தைரியம் வரவில்லை. (தங்கச்சி, உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். லீவைஸ் ஸ்டேடியத்தில் நடுவரைத் திட்டும் குரல்களில் உன் குரலும் நன்றாகவே கேட்கிறது.)

அமெரிக்கக் கால்பந்து பழகாதவர்களுக்கு இரண்டு வரி. களத்தில் ஒவ்வொரு ஆட்ட நகர்வையும் தொடங்கி வைப்பவர், பந்தை யாருக்கு எறிவது என்று இரண்டு மூன்று விநாடிக்குள் முடிவெடுப்பவர் குவார்ட்டர்பேக். ஆண்டுக்கு ஒருமுறை டிராஃப்ட் நடக்கும்; கல்லூரி ஆட்டக்காரர்களை 32 அணிகளும் ஏழு சுற்றுகளில் முறை வைத்து எடுத்துக்கொள்ளும். முதல் சுற்று வாய்ப்பை எந்த அணியும் லேசில் விட்டுக்கொடுக்காது.

2021இல், லீவைஸ் ஸ்டேடியத்தைச் சொந்தக் களமாகக் கொண்ட சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அணி விட்டுக்கொடுத்தது. ஒன்றல்ல, மூன்று! 12ஆம் இடத்திலிருந்து 3ஆம் இடத்துக்கு ஏறுவதற்காக, அந்த ஆண்டு, அடுத்த ஆண்டு, அதற்கடுத்த ஆண்டு என மூன்று முதல் சுற்று வாய்ப்புகளையும், மேல்கணக்கில் ஒரு மூன்றாம் சுற்று வாய்ப்பையும் மயாமி அணிக்குத் தூக்கிக் கொடுத்தது. அப்படி விலை கொடுத்து எடுத்தவர்தான் லான்ஸ். வடக்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பையன். உயரம், வேகம், தோள்வலு எல்லாம் இருந்தன. ஆடிய ஆட்டங்கள்தான் குறைவு. கொரோனா ஆண்டில் ஒரே ஒரு ஆட்டம்.

2022 செப்டம்பரில் லான்ஸின் கணுக்கால் முறிந்தது. பழைய ஆளான ஜிம்மி கராப்போலோ வந்தார். டிசம்பர் 4 அன்று மயாமிக்கு எதிரான ஆட்டத்தில் அவர் பாதமும் உடைந்தது. மிச்சம் இருந்தது அந்த ஆண்டு டிராஃப்டின் கடைசி ஆளான பர்டி. கடைசியாக எடுக்கப்படுபவருக்கு அமெரிக்காவில் கேலிப்பெயரே உண்டு, 'பொருட்படுத்தத் தேவையில்லாதவர்' என்று. அந்தப் பொருட்படுத்தத் தேவையில்லாதவர் அன்றைய ஆட்டத்தை 33-17 என்று முடித்துக் கொடுத்தார். அடுத்த வாரம், எதிரே டாம் பிரேடி நின்ற டாம்பா பே அணியை 35-7 என்று சாய்த்தார். பருவம் முடியும் வரை அவர் தொடங்கிய ஐந்து ஆட்டங்களும் வெற்றி.

இந்த இடத்தில் தன்னம்பிக்கைக் கட்டுரைக்காரர்கள் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடுவார்கள்: கடைசி ஆளும் ஜெயிக்கலாம், வரிசை எண் முக்கியமில்லை என்று. நான் பாடப் போவதில்லை. கடைசியாக எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஓரிரு ஆண்டில் காணாமல் போனவர்கள். 1998இல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட குவார்ட்டர்பேக் பெய்டன் மானிங் சொன்னபடியே மாமன்னராக விளங்கினார். இரண்டாவதாக எடுக்கப்பட்ட ரையன் லீஃப் சரிந்து விழுந்தார். இதில் வரிசை எண் என்ன சொல்கிறது? வாய்ப்பைச் சொல்கிறது, முடிவைச் சொல்வதில்லை.

என்னைச் சிலிர்க்க வைப்பது 2023 கோடைக்காலம். லான்ஸ் குணமாகிவிட்டார். பர்டியோ முழங்கை அறுவை சிகிச்சை முடிந்து தேறிக்கொண்டிருந்தார். பயிற்சியாளர் கைல் ஷானஹன், பொது மேலாளர் ஜான் லிஞ்ச் இருவர் முன்னாலும் கேள்வி நிற்கிறது. மூன்று முதல் சுற்று வாய்ப்பைக் கொட்டி வாங்கிய ஆளா, கடைசி நிமிடத்தில் சும்மா கிடைத்த ஆளா? கொட்டிய விலையை நினைத்து லான்ஸையே வைத்திருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் விலையைப் பார்க்கவில்லை, ஆட்டத்தைப் பார்த்தார்கள். ஆகஸ்டில் லான்ஸை டாலஸ் அணிக்கு அனுப்பினார்கள். பதிலுக்குக் கிடைத்தது ஒரே ஒரு நான்காம் சுற்று வாய்ப்பு. நாடே சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். அந்தப் பருவத்தில் அணி சூப்பர் பௌல் வரை போய், கூடுதல் நேரத்தில் 25-22 என்று கான்சஸ் சிட்டியிடம் தோற்றது. கோப்பை வரவில்லை. ஆனாலும் முடிவு சரியானது. 2025 மேயில் ஐந்து ஆண்டுக்கு 26.5 கோடி டாலர் என்று பர்டியோடு ஒப்பந்தம் போட்டார்கள்.

தம்பி, தன்னம்பிக்கை உள்ளவனுக்கும் தப்பு நேரும். நேர்ந்தால், மறுபடி தேர்ந்தெடுக்கத் தன்னால் முடியும் என்று அவனுக்குத் தெரியும். உனக்குத் தெரியுமா?

இந்த ஊருக்கு வந்த முதல் வாரத்தில், அறைத்தோழன் கைகாட்டிய பேங்கில் கணக்குத் திறந்தாய். அன்று அது சரி. இன்று அந்த ஸ்டேட்மென்டை எடுத்துப் பார். கடைசிப் பக்கத்துக்கு முன்னால், கடைசித் தேதியில், பொடி எழுத்தில் ஒரு வரி: மாதாந்தரப் பராமரிப்புக் கட்டணம், 12 டாலர். ஒரே ஒருநாள் பேலன்ஸ் மினிமத்துக்குக் கீழே இறங்கியதற்குத் தண்டம். மாதாமாதம் போனால் வருடத்துக்கு 144 டாலர். சேவிங்ஸ் அக்கவுண்டைப் பார். பெரிய பேங்குகள் சிலவற்றில் வட்டி 0.01 சதவீதம், பத்தாயிரம் டாலருக்கு முழு ஆண்டுக்கு ஒரு டாலர்! 2023, 2024இல் ஆன்லைன் பேங்குகள் நாலு சதவீதத்துக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தன. அதே பத்தாயிரத்துக்கு 400 டாலர். இருப்பதைவிட அதிகம் எடுத்தால் ஓவர்டிராஃப்ட் என்று 35 டாலர் வரை பிடிக்கிறார்களே, ஏடிஎம்மிலும் டெபிட் கார்டு தேய்ப்பதிலும் அதைப் பிடிக்க உன் சம்மதம் வேண்டும் என்பது 2010 முதல் சட்டம். கணக்குத் திறந்த அன்று எங்கேயோ டிக் அடித்திருப்பாய். அந்தச் சம்மதத்தை இன்றே திரும்பப் பெறலாம், ஒரு போன் போதும்.

கேட்டால் என்ன சொல்கிறாய்? "பழகின பேங்க் சார். ஆட்டோ பே எல்லாம் அதுலதான் இருக்கு. இப்ப போய் யாரு மாத்துறது?" மூன்று முதல் சுற்று கொடுத்துவிட்டோமே என்று லான்ஸைப் பிடித்துத் தொங்கியிருந்தால் ஷானஹனை நீ எப்படித் திட்டியிருப்பாய்! உன் பேங்க் வருமானம் பார்ப்பது இந்தச் சோம்பலில்தான். கோபம் வரவில்லையா உனக்கு? வரட்டும்!

கோபத்தோடு கண்ணும் திறந்திருக்கட்டும். ஸ்டேடியத்தை ஒட்டி ஓடும் டாஸ்மன் சாலையில்தான் சிலிக்கான் வேலி பேங்கின் தலைமையகம் இருந்தது. 2023 மார்ச் 10 அன்று அது விழுந்தது. ஒருவருக்கு ஒரு பேங்கில் இரண்டரை லட்சம் டாலர் வரைதான் எஃப்டிஐசி என்ற அரசு அமைப்பின் காப்பீடு. அங்கிருந்த டெபாசிட்டில் 90 சதவீதத்துக்கு மேல் அந்த வரம்பைத் தாண்டியது. அரசு ஞாயிற்றுக்கிழமை தலையிட்டு எல்லோருடைய பணத்துக்கும் உறுதி தந்ததால் தப்பித்தார்கள். போட்டு வைத்திருந்தவர்கள் உலகத்துக்கே மென்பொருள் எழுதிக் கொடுக்கும் புத்திசாலிகள். ஆகவே புதிய பேங்கோ கிரெடிட் யூனியனோ, முதல் கேள்வி காப்பீடு உண்டா என்பதே. பேங்குக்கு எஃப்டிஐசி, கிரெடிட் யூனியனுக்கு என்சியூஏ.

காப்பீட்டுக்கு அடுத்தது விளம்பரம். அதில் காட்டும் தொகையைப் பார்த்து மயங்காதவர் யார் தெரியுமா? குவார்ட்டர்பேக் கர்க் கசின்ஸ். 2012இல் வாஷிங்டன் அணி மூன்று முதல் சுற்று வாய்ப்புகளைக் கொட்டி ராபர்ட் கிரிஃபினை எடுத்தது. அதே டிராஃப்டில், 102ஆவது ஆளாக, மாற்று ஆட்டக்காரராக எடுத்தது இவரை. கிரிஃபினின் முழங்கால் போனது. 2015இல் கசின்ஸ் தொடக்க ஆட்டக்காரர் ஆனார். நீண்டகால ஒப்பந்தம் பேசியபோது கையெழுத்துப் போடவில்லை. ஓராண்டு ஒப்பந்தத்திலேயே இரண்டு பருவம் ஆடினார், தன் தோள்மேல் தானே பந்தயம் கட்டி. 2018இல் மினசோட்டா கொடுத்தது மூன்றாண்டுக்கு 8.4 கோடி டாலர், ஒவ்வொரு டாலரும் உத்தரவாதத்தோடு. கோடிகள் வந்த பிறகும் பாட்டியிடம் 5,000 டாலருக்கு வாங்கிய பழைய வேனைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார் மனுஷன்.

அவரைப் போல நீயும் படி. புதுக் கணக்குக்கு 300 டாலர் பரிசு என்று கடிதம் வந்தால், எத்தனை நாளைக்குள் எவ்வளவு டைரக்ட் டெபாசிட் வரவேண்டும், எத்தனை மாதம் கணக்கை மூடக்கூடாது என்று பார். நிறைய சம்பாதித்தால் இதெல்லாம் தேவையில்லை என்று நினைக்காதே. இந்த அமெரிக்கக் கால்பந்து லீக் ஆட்டக்காரர்களைப் பற்றி 2015இல் வந்த ஓர் ஆய்வு, ஓய்வு பெற்ற 12 ஆண்டுக்குள் ஏறக்குறைய 16 சதவீதம் பேர் திவால் மனு போட்டதாகச் சொன்னது. அதிகம் சம்பாதித்தவர்களுக்கும் பெரிய பாதுகாப்பு இருக்கவில்லை.

வேலை இவ்வளவுதான். முதலில் புதிய கணக்கைத் திற; பழையதில் கைவைக்காதே. ஹெச்ஆரில் சொல்லி டைரக்ட் டெபாசிட்டை மாற்று. பிறகு ஒரு வருட ஸ்டேட்மென்டை முன்னால் வைத்து ஆட்டோ பே ஒவ்வொன்றாக மாற்று. மூன்று மாதம் மட்டும் பார்த்தால் வருடத்துக்கு ஒருமுறை பிடிக்கும் கட்டணங்கள் தப்பிவிடும். ஒன்றிரண்டு மாதம் பழைய கணக்கில் மினிமம் பேலன்ஸை விட்டுவை. ஒன்றும் வந்து விழவில்லை என்று உறுதியானதும் மூடச் சொல். மூடியதற்கு எழுத்தில் வாங்கிக்கொள். "ஏன் போகிறீர்கள், கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறோம்" என்பார்கள். ஒரு மாதத்துக்கா, எப்போதைக்குமா என்று கேள். பதில் மழுப்பலாக வந்தால் நன்றி சொல்லிவிட்டு மூடு.

புதிய கணக்குக்கு ஓட்டுநர் உரிமம், சோஷியல் செக்யூரிட்டி எண், முகவரி இருந்தால் போதும். வீட்டில் உட்கார்ந்தே விண்ணப்பிக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை கிக்ஆஃபுக்கு முன்னால் முடித்துவிடு.