பதினெட்டோடு தீர்ந்துவிடும் கடனா?

2021 ஜூலையில் டயகமத் தோட்டத்துச் சிறுமி ஒருத்தி, கொழும்பில் முன்னாள் அமைச்சர் ஒருவரின் வீட்டில் வேலைக்கு நின்ற இடத்தில் தீக்காயம்பட்டு உயிரிழந்தாள். அவளுக்கு வயது 16. மலையகம் கொதித்து வீதிக்கு வந்தது. பதினெட்டு ஆகாத பிள்ளையை எப்படி வேலைக்கு அனுப்பலாம் என்பதே அன்று எல்லோர் வாயிலும் இருந்த கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனாலும் அதற்குள் ஒரு நினைப்பு ஒளிந்திருந்தது. பதினெட்டு ஆகிவிட்டால் கேள்வியே இல்லை என்ற நினைப்பு.

அந்த நினைப்பு இன்னும் லயங்களில் குடியிருக்கிறது. குடும்பத்தைப் பிரிந்துபோய் வேறிடத்தில் வாழும் தகப்பன்மாரிடம் அது அதிகம். நீதவான் விதித்த தாபரிப்புக் காசை முணுமுணுத்துக்கொண்டாவது மாதாமாதம் கட்டியவர், பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்த மாதத்தோடு நிறுத்திவிடுகிறார். "வயசு வந்துருச்சு, இனி அவன் பாடு" என்கிறார். ஊரும் தலையாட்டுகிறது. இது பிழை. பிள்ளை தன் காலில் நிற்கும்வரை பெற்றவரின் கடன் தீர்வதில்லை. வசதியிருந்தும் அதைச் செலுத்த மறுப்பவர் பிள்ளையைக் கைவிட்டவரே.

சட்டமும் அவர் பக்கம் இல்லை. 1889ஆம் ஆண்டுப் பழைய கட்டளைச் சட்டத்தை நீக்கிவிட்டு வந்த 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம், பதினெட்டைத் தாண்டிய ஆனால் 25 வயதாகாத பிள்ளையையும், தன்னைத்தானே பராமரிக்க இயலாதிருந்தால், பெற்றோர் தாங்கவேண்டும் என்கிறது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு அந்த வயதெல்லையும் இல்லை. பெற்றோர் என்பதில் தாயும் அடக்கம். இந்த நாட்டில் 21ஆக இருந்த பராய வயது 1989இல்தான் 18ஆகக் குறைந்தது. வாக்குப்போடவும் ஒப்பந்தம் எழுதவும் தகுதி தருகிற அந்த இலக்கத்தைத் தகப்பன்மார் தங்கள் விடுதலைப் பத்திரமாக எடுத்துக்கொண்டார்கள்.

25 என்பது வாய்க்கு வந்த கணக்கல்ல. நம் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சைக்கு உட்காரும்போதே 18, 19 ஆகிவிடுகிறது. கொரோனாவுக்குப் பிறகு அதுவும் தள்ளிப்போனது. 2021ஆம் ஆண்டுப் பரீட்சை 2022 பெப்ரவரியிலும், 2022ஆம் ஆண்டுப் பரீட்சை 2023 ஜனவரியிலும்தான் தொடங்கின. பெறுபேறு, வெட்டுப்புள்ளி, அனுமதிக் கடிதம் என்று காத்திருந்து பல்கலைக்கழக வாசலை மிதிக்கும்போது 21 ஆகியிருக்கும். சிறப்புப் பட்டத்துக்கு இன்னும் நான்கு வருடம். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்குப் போய் ஆசிரியராகலாம் என்றாலும் மூன்று வருடம் வேண்டும். மஸ்கெலியாவிலிருந்தோ பொகவந்தலாவையிலிருந்தோ விஞ்ஞானப் பிரிவு படிக்க ஹட்டனுக்கு பஸ் ஏறுகிற பிள்ளைக்குப் பதினெட்டாவது பிறந்தநாள் பாதி வழியில் வருகிறது. பாதி வழியில் இறக்கிவிடுவதற்கா ஏற்றிவிட்டோம்?

தகப்பன் நிறுத்திய காசு யார் தலையில் விழுகிறது என்று பார்க்கவேண்டும். விடியற்காலைப் பனியில் பெரட்டுக்குப் போகிற தாயின் தலையில் விழுகிறது. 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாயானது. அந்தச் சம்பளத்தில் மாதம் முழுக்க ஓடி 25 நாள் பேர் போட்டாலும் 33,750. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், 2,700 ரூபாய், முதலிலேயே போய்விடும். பிறகு கடைக்கடன், சங்கச் சந்தா, கோயில் காசு. மழையில் கொழுந்து குறைந்து, கேட்ட கிலோ தராசில் வராத நாளில் அரைப்பேர்தான். அந்தச் சம்பளத்துண்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு வருகிறவள் மகனின் விடுதிக் காசுக்கு எங்கே போவாள்? மூத்தவளிடம்தான் கேட்பாள். மூத்தவள் படிப்பை விட்டுவிட்டு ஆடைத் தொழிற்சாலைக்கோ கொழும்பில் வீட்டு வேலைக்கோ போகிறாள். அவளுக்கும் பதினெட்டு முன்னமே முடிந்திருக்கும். ஆகவே யாரும் கொதிப்பதில்லை. தகப்பன் இறக்கிவைத்த சுமை மறைந்துபோகாமல் அக்காளின் தலைக்கு ஏறியிருக்கிறது. மகாபொல உதவித்தொகை இருக்கிறதே என்பவர்களுக்கு: 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அது 5,000இலிருந்து 7,500 ரூபாயாகக் கூட்டப்பட்டது. நல்லதுதான். ஆனால் ஒரு மாதச் சாப்பாட்டுக்கே அந்தத் தொகை காணாது.

நம் முன்னோர் இதில் தெளிவாக இருந்தார்கள். கற்றவர் கூடிய அவையில் மகனை முன்வரிசைக்குத் தகுதியாக்குவதுதான் தந்தை செய்யும் உதவி என்று வள்ளுவர் மக்கட்பேறு அதிகாரத்தில் வரையறுக்கிறார். சோறுபோட்டு ஆளாக்குவதோடு அவர் நிறுத்தவில்லை. அதே அதிகாரத்தில், பெற்ற நாளைவிட மகனைச் சான்றோன் என்று பிறர் சொல்லக் கேட்கும் நாளில்தான் தாய் அதிகம் மகிழ்கிறாள் என்கிறார். அந்த நாள் பதினெட்டுக்குள் வந்துவிடுமா? புறநானூற்றில் பொன்முடியார் கடமைகளைப் பங்கிடும்போது, பெற்று வளர்ப்பது தாய்க்கு, சான்றோனாக்குவது தந்தைக்கு என்று பிரிக்கிறார். அங்கே சான்றோன் என்பது வீரனைக் குறிக்கும் என்று உரை சொல்வோர் உண்டு. இருக்கட்டும், வாள் பழகவும் வருடங்கள் வேண்டும். பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லத்தக்க செல்வம் கல்வி ஒன்றே என்கிறது நாலடியார்.

எல்லாவற்றுக்கும் மேலாகப் புலவர் கபிலர் நிற்கிறார். நண்பன் பாரி மாண்டபின் அவன் மகளிர் இருவரையும் கூட்டிக்கொண்டு விச்சிக்கோனிடம் போனார், இருங்கோவேளிடம் போனார், மணம் பேசினார், மறுக்கப்பட்டார். அந்தப் பெண்கள் பாட்டுக்கட்டும் அளவுக்கு வளர்ந்தவர்கள். கபிலர் அவர்களைப் பெற்றவரும் அல்லர். வயது வந்துவிட்டது, இனி உங்கள் பாடு என்று அவர் பாரியின் பறம்பு மலை அடிவாரத்திலேயே சொல்லியிருக்கலாம். நண்பனுக்காக ஒரு புலவர் மானத்தை விட்டு வாசல் வாசலாக ஏறியிருக்க, பெற்ற தகப்பன் ஒரு பிறந்தநாளைக் காட்டி ஒதுங்குவதை எந்த அறம் ஏற்கும்?

மறுபக்கத்திலும் சிறு நியாயம் உண்டு. தகப்பனும் கூலியாள்தான், இரண்டாம் குடும்பத்திலும் பச்சைப் பிள்ளைகள் இருக்கலாம், படிக்கவும் மாட்டாமல் உழைக்கவும் மாட்டாமல் சந்தியில் நிற்கிற மகனும் இருக்கலாம். சட்டம் அதையும் பார்த்தே வைத்திருக்கிறது. வசதி இருப்பவரைத்தான், இயலாத பிள்ளைக்காகத்தான் கேட்கிறது. இதற்குமேல் அந்த வாதத்துக்கு இடமில்லை.

இன்னொன்றையும் அந்தத் தகப்பன் மனதில் வைக்கட்டும். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி, முதுமையில் கையேந்தும் நிலை வந்தால் இதே பிள்ளையிடம் அவர் பராமரிப்புக் கேட்கலாம். அன்று அவன் பாடு, இவன் பாடு என்று பிரித்துப் பேச அவருக்கு மனம் வராது.

பதினெட்டைத் தாண்டிய பிள்ளை தாபரிப்புக் கேட்பதானால் தன் பெயரிலேயே நீதிமன்றம் போகவேண்டியிருக்கிறது. தகப்பனைக் கூண்டில் ஏற்ற எந்தப் பிள்ளைக்குக் கால் வரும்? தோட்டத்தில் முகம் காட்ட முடியுமா என்று அஞ்சியே பலர் படிப்பை விட்டுவிடுகிறார்கள். இங்கேதான் ஊர்ப் பெரியவர்களும், மாதம் தவறாமல் சந்தா பிடிக்கும் தொழிற்சங்கங்களும் முன்வரவேண்டும். கோயில் கமிட்டி கூடும்போது அந்தத் தகப்பனைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கட்டும். கேட்டும் அவர் இணங்கவில்லையென்றால், சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு அந்தப் பிள்ளை தனியே போகாதபடி தோட்டத் தலைவர் ஒருவர் கூடப் போகட்டும்.