உட்கார வைப்பவனின் கணக்கு

ஆம்பூரில் ஒரு கிரிக்கெட் கிளப்புக்கு அணி எடுக்கும் பொறுப்பு சில வருஷங்களாக என் தலையில் இருக்கிறது. சம்பளம் கிடையாது, திட்டு உண்டு. சம்பளம் தருவது தோல் ஷாப். அங்கேயும் எனக்குத் தரம் பிரிக்கிற வேலைதான். இப்போது அடுத்த சீசனுக்கான 15 பேர் பட்டியலை எழுத வேண்டும். முதல் ஒன்பது பெயரை டீ ஆறுவதற்குள் எழுதிவிடலாம். பத்தாவதுக்கும் பதினொன்றாவதுக்கும் கொஞ்சம் சண்டை நடக்கும். அதற்குக் கீழே வரும் நான்கு பெயர்கள்தான் மார்க்கப் பிரச்சினை.

மார்க்கம் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். பதினொரு பேரை ஆடுவதற்கு எடுக்கிறோம். மீதி நான்கு பேரை ஆடாமல் இருப்பதற்கு எடுக்கிறோம். ‘வா, ஆனால் சும்மா இரு’ என்று ஒருவனைக் கூப்பிட எனக்கு என்ன உரிமை? அப்படிக் கூப்பிட்டுவிட்டால் அவனுக்கு நான் என்ன கடன்பட்டிருக்கிறேன்?

நான்கு பேர் வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. எங்கள் பக்கத்தில் பெஞ்சைக் கட்ட மூன்று நாட்காட்டிகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ரமலான் வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்து வரும். அது சீசனுக்குள் விழுந்தால் நோன்பு வைத்த வேகப்பந்து வீச்சாளனை உச்சி வெயிலில் பத்து ஓவர் போடச் சொல்ல முடியாது. கார்த்திகை பிறந்தால் எங்கள் விக்கெட் கீப்பர் சபரிமலைக்கு மாலை போட்டுவிடுவான். மாலை போட்டவன் ஷூ போடமாட்டான். வெறுங்காலோடு அவனை ஸ்டம்புக்குப் பின்னால் நிறுத்த எனக்கு மனசு வராது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டம் என்றால் சர்ச்சுக்குப் போகிற பையன்கள் ஆராதனை முடித்துத்தான் வருவார்கள். இது போதாதென்று நான்காவதாக ஒரு நாட்காட்டி இருக்கிறது: ஷூ கம்பெனியின் ஷிப்மென்ட் தேதி. அது நெருங்கினால் ஓவர்டைம். எந்தச் சாமியும் விடுப்பு வாங்கித் தர முடியாது.

பேஸ்பால் ஆடும் அமெரிக்கர்களுக்கு இந்த விஷயம் வெறும் திட்டமிடல்தான். பெரிய லீக் அணிகள் 2021 முதல் சீசனின் பெரும்பகுதிக்கு 26 பேரை வைத்துக்கொள்கின்றன. பெஞ்சில் இருப்பவன் உள்ளே போனால் முழு ஆட்டக்காரன். அவனுக்காக வெளியே வந்தவன் அன்று மறுபடி உள்ளே போக முடியாது. கிரிக்கெட் அப்படியில்லை. பன்னிரண்டாவது ஆள் ஓடலாம், பந்து பிடிக்கலாம், தண்ணீர் கொண்டுபோகலாம். பந்து வீசவோ மட்டை பிடிக்கவோ கூடாது. 2017 அக்டோபரில் வந்த புதிய விதிகள்தான், நடுவர் சம்மதித்தால் மாற்று ஆள் கீப்பிங் செய்யலாம் என்றன. 2019 ஆகஸ்டில், சர்வதேச ஆட்டங்களில் தலையில் அடிபட்டவனுக்குப் பதிலாக வருபவன் முழுதாக ஆடலாம் என்றார்கள். லார்ட்ஸில் ஸ்டீவ் ஸ்மித்துக்குப் பதில் வந்த லபுஷேன்தான் டெஸ்டில் அப்படி ஆடிய முதல் ஆள். ஐபிஎல்லின் இம்பாக்ட் பிளேயர் 2023இல் வந்தது. ஆக, காத்திருப்பவனுக்கும் ஒரு பங்கு உண்டு என்று இந்த ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாக ஒப்புக்கொண்டு வருகிறது.

போன சீசன் முடிந்த பிறகு எங்கள் இரண்டாவது கீப்பர் என்னிடம் வந்தான். ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் இருக்கிறான். சர்ச் முடித்து நேராக மைதானத்துக்கு வந்து, பேட் கட்டி, பேட் அவிழ்த்து வீட்டுக்குப் போன ஞாயிறுகள் அவனுக்கு நிறைய. “நா இன்னாத்துக்கு பாய் டீம்ல?” என்று கேட்டான். பக்கத்தில் கமிட்டிப் பெரியவர் ஒருவர் இருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொல்லிவிட்டார்: “எல்லாம் நஸீப் தம்பி. அவன் நாடினா உன் டர்ன் வரும்.” பையன் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான்.

அந்தப் பதிலில் எனக்கு ஏதோ இடித்தது. விதியை நம்பாதவன் அல்ல நான். நன்மையும் தீமையும் அல்லாஹ்வின் ஏற்பாட்டில் உள்ளவை என்று நம்புவது ஈமானின் ஆறு அம்சங்களில் ஒன்று. ஆனால் அந்தப் பையனை உட்கார வைத்தது வானத்திலிருந்து இறங்கிய கட்டளையா? ஒரு நோட்டில் பால்பாயின்ட் பேனாவால் நான் எழுதிய வரிசை அது.

தோல் ஷாப்பில் இப்படி யாரும் கேட்பதில்லை. ஆட்டுத்தோலை மேஜையில் விரித்து வெளிச்சத்தில் பார்ப்பேன். முள் கீறல், உண்ணிக் கடி, அம்மைத் தழும்பு, உரித்தவன் கத்தி இழுத்த வெட்டு எல்லாம் கண்ணுக்குத் தெரியும். நல்லது ஷூவின் மேற்பக்கத்துக்குப் போகும். சுமாரானது லைனிங்குக்கோ வேறு சில்லறை வேலைக்கோ போகும். எதையும் வீணாக்குவதில்லை. பெஞ்சைப் பற்றியும் பெரியவர்கள் இப்படித்தான் ஆறுதல் சொல்வார்கள்: எல்லாவற்றுக்கும் ஒரு இடம் இருக்கிறது என்று. ஆனால் தோலுக்கு வாழ்க்கை முடிந்துவிட்டது. அதன் கீறல் இனி ஆறப்போவதில்லை, அதனால் என் தீர்ப்பு அதன் மேல் நிற்கும். பையனுக்கு வயது இருபத்திரண்டு. அவனைப் பற்றி நான் எழுதுவது ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் செல்லுபடியாகிற ஒரு அபிப்பிராயம்.

அடுத்த ஆறுதல் நடராஜன். சேலம் சின்னப்பம்பட்டிக்காரர் 2020இல் ஆஸ்திரேலியாவுக்கு வலைப்பயிற்சியில் பந்து போடத்தான் போனார். அதே பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமானார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட். காத்திருந்தால் வரும் என்பதற்கு எங்கள் கிளப்பில் தினமும் சொல்லப்படும் உதாரணம் இது. உதாரணத்தின் மறுபக்கத்தை யாரும் சொல்வதில்லை. டி20 அணியில் அவருக்கு இடம் கிடைத்தது வருண் சக்கரவர்த்தியின் தோளில் காயம் இருந்ததால். வலைப்பந்து வீச அவரோடு தேர்வான மற்ற வேகப்பந்து வீச்சாளர்கள் யாரும் அந்தத் தொடரில் ஆடவில்லை. அவர்களும் காத்திருக்கத்தான் தேர்வானவர்கள்.

பெஞ்சில் இருப்பவனின் துஆ, அதாவது பிரார்த்தனை, இதனால்தான் சிக்கலானது. தன் முறை வர வேண்டும் என்று கேட்டால், இன்னொருவன் விழ வேண்டும் என்று கேட்டதாகிவிடுமோ? அடுத்தவனிடம் இருப்பது அவனை விட்டுப் போக வேண்டும் என்று விரும்புவது பொறாமை, அது பாவம். அதுபோல் எனக்கும் கிடைக்கட்டும் என்று விரும்புவது குற்றமில்லை. இந்த வேறுபாட்டை மதரஸாவில் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். ஆனால் ஸ்டம்புக்குப் பின்னால் இடம் ஒன்றுதான். ‘அதுபோல் எனக்கும்’ என்பதற்கு அங்கே வழியில்லை.

வழி இருக்கிற ஒரு இடம் எனக்குத் தெரியும்: தொழுகை வரிசை. ஜமாஅத்தாகத் தொழுகை நடக்கும்போது இமாமுக்கு ஒளூ (தொழுகைக்கான சுத்தம்) முறிந்துவிட்டால், பின்னால் நிற்கும் ஒருவரை முன்னால் நிறுத்திவிட்டு அவர் விலகலாம் என்பது நாங்கள் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின் சட்டம். அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் இமாமுக்கு நேர் பின்னால் நிற்க வேண்டும் என்பார்கள். கி.பி. 644இல் மதீனாவில் சுப்ஹு என்ற அதிகாலைத் தொழுகையைத் தொழவைத்துக்கொண்டிருந்த கலீபா உமரை ஒருவன் கத்தியால் குத்தினான். விழும்போது அவர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபின் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தினார். அவர் சுருக்கமாகத் தொழவைத்து முடித்தார். பள்ளியின் ஓரங்களில் நின்றவர்களுக்கு என்ன நடந்தது என்றே தெரியவில்லை. உமரின் குரல் கேட்கவில்லை என்பது மட்டும்தான் தெரிந்தது.

அப்துர் ரஹ்மான் வெளியே காத்துக்கொண்டிருந்தவர் இல்லை. அவரும் தொழுதுகொண்டுதான் இருந்தார். முன்னால் போகாமலே அன்றைய தொழுகை முடிந்திருந்தாலும் அவருடைய தொழுகையில் ஒரு குறையும் இருந்திருக்காது. பெஞ்சுக்கு இதைவிட உயர்ந்த வடிவத்தை நான் பார்த்ததில்லை. தயாராக இருப்பவனும் செய்துகொண்டிருப்பவனும் ஒரே காரியத்தில் நிற்கிறார்கள். தான் முன்னால் வருவதற்காக இன்னொருவர் விழ வேண்டும் என்று யாரும் ஏங்கவில்லை.

இதை அப்படியே பையனிடம் சொல்லிவிடலாமா? எனக்கு வசதியான பதில் இது, அதனாலேயே சந்தேகப்படுகிறேன். தொழுகையில் கூலி பங்குபோட்டுக் குறைவதில்லை. முதல் வரிசையிலிருந்து எடுத்துக் கடைசி வரிசைக்குக் கொடுப்பதில்லை. ஆட்டத்தில் ஓவர்கள் எண்ணி வைக்கப்பட்டவை. அவனுக்குக் கொடுத்தால் இன்னொருவனிடமிருந்துதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்த எடுப்பையும் கொடுப்பையும் செய்வது நான். அதை மறைக்க மார்க்கத்தைத் திரையாகப் போட்டால், உதாரணம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் காரியம் தாழ்ந்ததுதான்.

இந்தத் திரை பழையது. உமையாக்கள் ஆட்சியில், ஆள்பவர்கள் செய்ததையெல்லாம் இறைவனின் ஏற்பாடு என்று சொல்லி வாயடைக்கும் போக்கு இருந்தது; அதை எதிர்த்து வாதிட்டவர்களும் இருந்தார்கள். கி.பி. 728இல் இறந்த பஸ்ரா ஹஸன் என்ற அறிஞரின் பெயரில், கலீபா அப்துல் மலிக்குக்கு எழுதியதாக ஒரு கடிதமே உண்டு. மனிதன் செய்த தவறை மனிதனே ஏற்க வேண்டும், அதை இறைவன் மேல் போடக் கூடாது என்பதுதான் அதன் சாரம். வள்ளுவரும் ஊழை மறுத்தவர் அல்ல. அறத்துப்பாலை முடிப்பதே ஊழ் என்ற அதிகாரத்தோடுதான். ஆனால் ஆளைத் தேர்வதையும் வேலை ஒப்படைப்பதையும் பற்றிய 51, 52ஆம் அதிகாரங்கள் பொருட்பாலில், அரசனின் கடமைகளுக்கு நடுவே இருக்கின்றன. அந்தப் பையனின் வேதத்திலும் ஓர் இடம் உண்டு. மத்தேயு 20ஆம் அதிகாரத்தில், திராட்சைத் தோட்டக்காரன் பொழுது சாயும் நேரத்தில் சந்தைவெளியில் நிற்பவர்களிடம் ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறான். கடவுள் விதித்தது என்று அவர்கள் சொல்லவில்லை. எங்களை யாரும் கூப்பிடவில்லை என்றார்கள்.

விதி என்பது படுபவன் தன்னைத் தேற்றிக்கொள்ள வைத்திருக்கும் சொத்து. இழப்புக்குப் பிறகு அவனே அதை எடுத்துச் சொல்லும்போது அது பொறுமை. இழப்பைக் கொடுத்தவன் சொல்லும்போது அது கணக்கிலிருந்து நழுவுதல்.

அப்படியானால் உட்கார வைப்பவன் என்ன சொல்ல வேண்டும்? அபூ தர் என்ற நபித்தோழர் நபிகளிடம் தனக்கு ஒரு பொறுப்பு வேண்டும் என்று கேட்டார். நபிகள் அவர் தோளில் தட்டி, நீர் இதற்குப் பலவீனமானவர், இது அமானிதம், சரியாக நிறைவேற்றாதவருக்கு மறுமையில் இழிவும் வருத்தமும்தான் என்று நேராகவே சொன்னார்கள். பிறகு வரும், பார்க்கலாம் என்று இழுக்கவில்லை, காரணத்தையும் ஒளிக்கவில்லை. அபூ தர்ரின் வாய்மையைப் புகழ்ந்தவர்களும் நபிகளே. ஒரு வேலைக்கு ஒருவர் ஏற்றவரில்லை என்பது அந்த மனிதரைப் பற்றிய முடிவான தீர்ப்பாகிவிடவில்லை. தோளில் இருந்த கையும் சொன்ன சொல்லும் ஒரே ஆளிடமிருந்து வந்தன என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன்.

அதனால் இந்த முறை பட்டியலை ஒட்டுவதற்கு முன் கீழே உள்ள நான்கு பேரையும் தனித்தனியாகப் பார்க்கப்போகிறேன். இரண்டாவது கீப்பரிடம் சொல்ல வேண்டியது தயாராக இருக்கிறது: உன் கை முதல் கீப்பரின் கையைவிட நல்லது, சுழற்பந்துக்கு எதிராக உன் மட்டை அவனுக்குக் கீழே இருக்கிறது, அதனால் நீ இரண்டாவது. கார்த்திகையில் அவன் மாலை போட்டதிலிருந்து மலை இறங்கி வரும்வரை நடக்கும் ஆட்டங்கள் உன்னுடையவை; யாருக்கும் காயம்பட வேண்டிய தேவையில்லை. மற்ற ஞாயிறுகளில் நீ பெரும்பாலும் ஆடமாட்டாய். இது போதாது என்றால் வேறு கிளப்புக்குப் போ. கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். முடிவு என்னுடையது.

அவனுக்குக் கோபம் வரலாம். வந்தால் அது என்னிடம் வரட்டும். அல்லாஹ்வின் மேல் போக வேண்டிய அவசியமில்லை.