கைவினை

காலை ஐந்தரைக்கெல்லாம் எங்கள் தெருவில் விசைத்தறிகள் ஓடத் தொடங்கிவிடும். என் பிள்ளைகள் இரண்டும் அந்தச் சத்தத்துக்கு அசைவதே இல்லை. வயிற்றிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள். நான் விழித்துக்கொள்வேன். ஆனால் விழித்தவுடன் எழ முடியாது. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்ப்பேன். வலது கையின் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் பாதியில் நின்றுவிடும். மணிக்கட்டு பலகை மாதிரி கிடக்கும். பக்கெட்டில் வெந்நீர் ஊற்றி இரண்டு கைகளையும் முக்கிக்கொண்டு அடுப்படித் திண்டில் உட்கார்ந்திருப்பேன். மூத்தவளின் டிபன் டப்பா மூடியைத் திறக்கும் அளவுக்கு விரல் இளகுவதற்குள் தெருவில் பால்காரர் வந்து போயிருப்பார்.

இதெல்லாம் சின்னவன் பிறந்த நான்காம் மாதம் தொடங்கியது. பச்சை உடம்பு, வாயு பிடித்திருக்கிறது என்றார்கள். பூண்டும் சுக்கும் தின்றேன். ஒரு மருத்துவர் சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று இரண்டு மாதம் மாத்திரை கொடுத்தார். பிள்ளையைத் தூளியிலிருந்து தூக்க முடியாமல் நான் நின்று அழுத ஒரு ராத்திரிக்குப் பிறகுதான் ஈரோட்டுக்குப் போனோம். மூட்டுவாத மருத்துவர் என் விரல்களைத் தொட்டுப் பார்த்தார்; ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். முடிவு வந்ததும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்றார். முடக்குவாதம். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைப் பகையென்று நினைத்துத் தாக்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது. பிள்ளை பெற்ற சில மாதங்களில் தலைகாட்டுவதும் உண்டு. நிதானமாக அவர் சொன்னபோது எனக்குப் பயத்தைவிட நிம்மதிதான் முதலில் வந்தது. ஒரு பெயர் கிடைத்துவிட்டதே.

அந்த நிம்மதி ஒரு வாரம் நிற்கவில்லை. உறவில் பெரியம்மா முறை ஒருவர் பார்க்க வந்தார். என் கையைத் தன் மடியில் வைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "போன சென்மத்துல எந்தக் கையால என்ன பாவம் பண்ணுனியோ அம்மிணி. அதான் கையிலயே வந்து உக்காந்துக்கிச்சு." அவர் மனத்தில் துளி வன்மம் கிடையாது. அரை மணி நேரம் தேய்த்துவிட்டுப் போனார். எண்ணெயின் சூடு அன்றைக்கே போய்விட்டது; அந்த வார்த்தை ஒரு வருஷம் போகவில்லை.

நான் வினையை நம்பாதவள் அல்ல. செய்தது விளையும் என்று கேட்டுத்தான் வளர்ந்தேன், என் பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் எனக்கு நினைவில்லாத ஒரு குற்றத்துக்கு நான் எப்படி வருந்துவது? வருந்தத் தெரியாதவளைத் தண்டித்து யாருக்கு என்ன புரியப் போகிறது? கையை வெந்நீரில் வைத்துக்கொண்டு தினமும் இதையே உருட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு பால் மறக்க வைக்க வேண்டி வந்தது. முதலில் தாய்ப்பால் கொடுக்கும்போதும் சாப்பிடக்கூடிய மாத்திரைகளைத்தான் மருத்துவர் தந்தார். ஹைட்ராக்சிகுளோரோகுயின், கூடவே கொஞ்சம் ஸ்டீராய்டு. வீக்கம் அடங்கவில்லை. மெத்தோட்ரெக்சேட் தொடங்கித்தான் ஆக வேண்டும், அதைச் சாப்பிட்டால் பால் கொடுக்கக் கூடாது என்றார். சின்னவனுக்கு ஒன்பது மாதம். மாமியார் சொன்னபடி மார்பில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டேன். அவன் வாய் வைத்து, முகத்தைச் சுளித்து, என்னைப் பார்த்தான். நாலு ராத்திரி அழுதான். அந்த நாலாம் ராத்திரிதான் பெரியம்மா சொன்ன கணக்கு எனக்கு உடைந்தது. என் கை வலிக்கு என் வினை என்றால் இவன் அழுகைக்கு யார் வினை? இவனுடையதா? நோவைக் கண்ட இடத்திலெல்லாம் ஒரு குற்றவாளியைத் தேடுகிற கணக்கு, கடைசியில் ஒன்பது மாதப் பிள்ளையையும் குற்றவாளியாக்காமல் விடாது. அப்படி ஒரு கணக்கை என் சாமி எழுதியிருக்கும் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

நாங்கள் இருப்பது திருச்செங்கோட்டில், மலையடிவாரத்திலிருந்து நடக்கும் தூரம். தேவாரம் கொடிமாடச் செங்குன்றூர் என்று பாடுவது இந்த மலையைத்தான். ஞானசம்பந்தர் இங்கே வந்தபோது பனிக்காலம், கூட வந்த அடியார்களைக் குளிர்காய்ச்சல் பிடித்துக்கொண்டது என்று பெரியபுராணம் சொல்கிறது. இந்த மண்ணின் இயல்பு இது என்றார்களாம். இயல்பாகவே இருக்கட்டும், நம்மை அது தொடக்கூடாது என்று சம்பந்தர் திருநீலகண்டப் பதிகம் பாடினார். காய்ச்சல் அடியார்களை மட்டுமல்ல, இந்த நாட்டையே விட்டுப் போனது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதை. நானும் கதையாகத்தான் கேட்டிருந்தேன்.

மூத்தவள் சாயங்காலத்தில் ஒரு பெரியவரிடம் தேவாரம் கற்றுக்கொள்ளப் போய்க்கொண்டிருந்தாள். அவர்தான் எனக்கு அந்தப் பதிகத்தைக் கொடுத்து நாற்பத்தெட்டு நாள் படிக்கச் சொன்னார். ஒரு நாள் விடாமல் படித்தேன். நாற்பத்தெட்டாம் நாள் காலையிலும் என் விரல் மடங்கவில்லை. இதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. மெத்தோட்ரெக்சேட் தன் வேலையைக் காட்டவே அதற்குப் பிறகும் வாரங்கள் ஆயின.

பெரியவரிடம் போய் அப்படியே சொன்னேன். நம்பிக்கை பத்தாது என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. அவர் சொல்லவில்லை. "நீங்க அதை மருந்தா முழுங்கிட்டீங்க அம்மிணி. வாங்க, ஒருக்கா மென்னு பாக்கலாம்" என்று முதல் பாட்டை எடுத்து ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துக் காட்டினார்.

அந்தப் பாட்டு தொடங்குவதே பெரியம்மா சொன்ன இடத்தில்தான். அந்த வினைக்கு இந்தப் பயன் என்று சொல்கிறீர்களே, அது உங்களுக்குத் தெரிந்ததுதானே என்று கேட்கிறார் சம்பந்தர். வினை இல்லை என்று அவர் மறுக்கவில்லை. அதோடு நின்றுவிடுகிறவர்களிடம்தான் அவருக்குச் சண்டை. உய்யும் வழியைத் தேடாமல் உட்கார்ந்திருப்பது அல்லவா உங்களுக்கு ஊனம் என்கிறார். அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் என் கைகளைப் பார்த்தேன். ஒரு கல்யாண வீட்டில் என் காதுபட ஒருத்தர் அதே சொல்லை என்னைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். சம்பந்தரோ அந்தச் சொல்லை விரலிலிருந்து எடுத்து வேறு இடத்தில் வைத்துவிட்டார். மடங்காத விரல் ஊனமில்லை. காரணம் தெரிந்துவிட்டது என்று கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் ஊனம்.

அடுத்து வரும் சொல் கைவினை.

நான் பெரியவரை நிமிர்ந்து பார்த்தேன். கண்காட்சிப் பந்தலில் எழுதி வைப்பார்களே, கைவினைப் பொருட்கள் என்று, அந்தக் கைவினையா? இங்கே அதற்குத் தொண்டு என்று பொருள், கையால் செய்கிற வேலை எல்லாம் அதில் அடங்கும் என்றார். இரண்டாம் பாட்டிலேயே பட்டியல் வந்துவிடுகிறது. சோலை வைப்பது, குளம் வெட்டுவது, இரண்டு வேளையும் பூப்பறிப்பது. ஏற்கெனவே செய்துவிட்ட வினைக்கு மாற்றாக அவர் வைப்பது இன்னொரு வினை, இப்போது கையால் செய்கிற வினை. எனக்கு அதுவரை வினை என்றால் பின்னால் கிடக்கும் மூட்டைதான். அது கைக்கு முன்னாலும் இருக்கும் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

எனக்குத் தெரிந்த கைவினை வயர்கூடை. பள்ளி விடுமுறையில் அம்மாயி வீட்டுத் திண்ணையில் கற்றுக்கொண்டது. சாதா முடிச்சு, பிஸ்கட் முடிச்சு, நெல்லிக்காய், எல்லாவற்றுக்கும் மேல் சிவன் கண். இரண்டு நிறத்து வயரும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு கூடை முழுக்கக் கண் கண்ணாக விழித்துக்கொண்டிருக்கும். நோய் வருவதற்கு முன்பு பச்சையும் மஞ்சளுமாக ஒரு சிவன் கண் கூடை தொடங்கியிருந்தேன். அடி முடித்து நாலு வரிசை ஏற்றியதோடு நின்றுபோய்ப் பரணில் கிடந்தது. வயர்கூடைக்கு உயிரே இறுக்கத்தில்தான். ஒவ்வொரு முடிச்சையும் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துச் சுண்டி இழுக்க வேண்டும். நோய் உட்கார்ந்திருப்பதும் அதே இடத்தில். பிசியோதெரபி செய்கிறவரும் விரல்நுனியால் கிள்ளிப் பிடிக்கிற வேலையைக் குறைக்கத்தான் சொல்லியிருந்தார்.

ஆக, கைவினை செய் என்கிறது பாட்டு. கையோ மாட்டேன் என்கிறது. மனசால் கும்பிட்டால் போதும், பூசலார் மனசுக்குள்ளேயே கோயில் கட்டவில்லையா என்று ஆறுதல் சொன்னார்கள். பூசலாரை நான் வணங்குகிறேன். ஆனால் அவரும் கல்லால் கட்டத்தான் முதலில் ஆசைப்பட்டார், பொருள் தேடி அலைந்தார். எனக்குச் சோறு ஊட்ட, சடை பின்ன, பீ கழுவ இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். மனசால் அவர்களுக்குத் தலைவாரி விட முடியாது. என் பக்தி கையோடு ஒட்டினது.

என்னைத் தேற்றியவர் தண்டியடிகள். திருவாரூர்க்காரர், பிறவியிலேயே கண் தெரியாதவர். கோயில் குளம் தூர்ந்து குறுகிப்போவதைக் கேட்டு, தானே வெட்டிப் பெரிதாக்க இறங்கினார். குளத்துக்குள் ஒரு கம்பு, கரையில் ஒரு கம்பு நட்டு, நடுவே கயிறு கட்டினார். கயிற்றைத் தடவிக்கொண்டே உள்ளே போய் மண் வெட்டி, கூடையில் அள்ளி, கயிற்றைத் தடவிக்கொண்டே மேலே வந்து கொட்டினார். பின்னால் அவருக்குக் கண் கிடைத்தது என்று கதை முடிகிறது. நான் அந்த முடிவை அதிகம் நினைப்பதில்லை. கயிற்றைத்தான் நினைக்கிறேன். கண் வரட்டும், பிறகு வெட்டலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. பதிகம் சொல்கிற உய்யும் வழி இப்படித்தான் தொடங்கும் போலிருக்கிறது, இரண்டு கம்பும் ஒரு கயிறுமாக.

என் கயிறு ஒரு குறடு. என் வீட்டுக்காரர் ரிக் வண்டியில் போர் போடப் போகிறவர். திருச்செங்கோட்டு வண்டிகள் போகாத மாநிலம் இல்லை. அவர் இப்போது சத்தீஸ்கரில் இருக்கிறார். போன முறை வந்தபோது பழைய குறடு ஒன்றின் கைப்பிடியில் சைக்கிள் டியூபைச் சுற்றிச் சுற்றித் தடிமனாக்கிக் கொடுத்தார். விரல்நுனியில் கிள்ளாமல் உள்ளங்கை முழுக்கப் பிடித்து இழுக்கலாம். இரண்டாம் பாட்டில் குளம் வெட்டுகிற இடத்தை ஒரு ராத்திரி போனில் அவருக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அறுநூறு அடி போட்டும் புகையாத்தான் வருது சில இடத்துல. தண்ணி வராத குழியும் அந்தக் கணக்குல சேருமா?" என்று கேட்டார். அதை நான் பல நாள் யோசித்தேன். பாட்டு வெட்டுவதைத்தான் சொல்கிறது. நிரம்புவதைப் பற்றி அங்கே ஒன்றும் இல்லை. சேரும் என்றுதான் அடுத்த முறை அவரிடம் சொன்னேன்.

பதிகம் ஆணை வைக்கிற பெயரையும் இப்போது வேறு மாதிரி கேட்கிறேன். நீலகண்டம், நஞ்சு நின்ற கழுத்து. நஞ்சு இல்லாமல் போகவில்லை. சிவன் துப்பவும் இல்லை, அது வயிற்றுக்குள் இறங்கவும் இல்லை. அம்மை கையால் பிடித்து நிறுத்திய இடத்தில் இன்னும் இருக்கிறது. மலைமேல் இருக்கும் அர்த்தநாரீசுவரரின் திருமேனியே பாஷாணத்தால் ஆனது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். என் நோயும் முழுக்க விட்டுப் போகிற நோய் இல்லை, அடக்கி வைக்கிற நோய் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மெத்தோட்ரெக்சேட் அட்டையைப் படித்துவிட்டு, இது புற்றுநோய் மருந்தாச்சே என்று பக்கத்து வீட்டில் பதறினார்கள். அதுவும் ஒரு நஞ்சுதான். அங்கே பெரிய அளவு. எனக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள், அளந்து. தினமும் சாப்பிட்டுவிட்டால் ஆபத்து என்பதால் தினசரி காலண்டரில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைத் தாளிலும் முன்கூட்டியே சிவப்பில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். நஞ்சு நின்ற அந்தக் கழுத்தை வைத்துத்தான் சம்பந்தர் ஆணையிட்டார் என்பது எனக்குப் பெரிய தெம்பு.

காலை விறைப்பு இப்போது ஒரு மணி நேரத்துக்குள் விட்டுவிடுகிறது. மழை நாட்களில் கூடும். ஆயிரத்து இருநூறு படியும் ஏறி மலைக்குப் போக முடியவில்லை. மேலே போகிற பஸ்ஸில் போகிறேன். பரணிலிருந்து இறக்கிய கூடை நாளுக்கு ஒரு வரிசைக்கு மேல் நகர்வதில்லை. சில நாள் அரை வரிசை.

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மூத்தவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மாத்திரையை அவள் தொடக் கூடாது, எண்ணலாம். இரண்டரை மில்லிகிராம் மாத்திரை ஆறு. விரல் நீட்டி ஆறு வரைக்கும் எண்ணினாள். நான் விழுங்கியதும் கூடையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு கைப்பிடிக்கு வயரை வெட்டித் தரச் சொன்னாள். பெரியவருக்குப் பூக்கூடை இல்லையாம், இதைக் கொடுத்துவிடலாமாம். வாயோரம் இரண்டு கண்கள் இறுகாமல் தளர்ந்து நின்றன. நான் முடிச்சைப் பிடித்துக்கொண்டேன். அவள் இரண்டு கையாலும் குறட்டைப் பிடித்து, காலைத் தரையில் ஊன்றி இழுத்தாள்.