வேலியோர மரமும் விட்டுக்கொடுத்தலும்

பக்கத்து வீட்டோடு தகராறு மூண்டால், முதலில் அடங்கிப்போகச் சொல்லப்படுபவள் வீட்டிலிருக்கும் பெண்தான். "மரம்தானேம்மா, விடு. நாளைக்கு ஒரு அவசரம்னா அவங்கதானே ஓடி வரணும்?" இந்த அறிவுரையில் உண்மை இல்லாமல் இல்லை. நள்ளிரவில் பிரசவ வலி எடுத்தால் ஆட்டோ பிடித்துத் தருவது பக்கத்து வீட்டார்தான். ஆனால் அந்த ஒற்றுமைக்கு ஒரு விலை இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதை ஒருத்தியே கொடுத்துக்கொண்டிருந்தால், விட்டுக்கொடுத்தலை நற்குணம் என்று இன்னும் சொல்ல முடியுமா?

எல்லையில் நிற்கும் ஒரு முருங்கை மரத்தை வைத்து இதை யோசித்துப் பார்ப்போம். பக்கத்து வீட்டார் சுற்றுச்சுவர் எழுப்பக் கடைக்கால் தோண்டும்போது வேரை வெட்டிவிடுகிறார்கள். இரண்டு மாதத்தில் மரம் பட்டுப்போகிறது. இரு வீட்டு ஆண்களும் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். எல்லைக்கல் எங்கே? பட்டா யார் பேரில்? சர்வேயரைக் கூப்பிட்டு அளக்கலாமா? கடைசியில் ஒரு தொகை கைமாறுகிறது. டீ குடித்துவிட்டு எழுந்துபோகிறார்கள். தகராறு தீர்ந்துவிட்டது. வாரத்தில் மூன்று நாள் அந்த மரத்தில் கீரை உருவிக் குழம்பு வைத்தவளிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

மரம் யாருடையது என்பதுதான் திண்ணையில் எழுந்த கேள்வி. அந்த மரத்தை நம்பி யாருடைய நாள் ஓடியது என்பது அங்கே எழவே இல்லை. முதல் கேள்விக்குப் புலப்படத்தில் விடை கிடைக்கும். பிறர் சொத்தை வேண்டுமென்றே சேதப்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 324ஆம் பிரிவின்படி குற்றம். இழப்பீடு கேட்டு உரிமையியல் நீதிமன்றத்துக்கும் போகலாம். இரண்டாவது கேள்விக்கு எந்த ஆவணத்திலும் விடை இல்லை. அதை அவள் வாயால் சொன்னால்தான் உண்டு.

இது ஏதோ ஒரு தெருச் சண்டைக்கு மட்டும் உரிய விஷயம் அல்ல. மேல்விஷாரத்தையும் அதைச் சுற்றியுள்ள பாலாற்றுக் கரையையும் பாருங்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று நீளும் தோல் பதனிடும் ஊர்களில், வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பது பல இடங்களில் ஒரு தொழிற்சாலை. அங்கே வேரைக் கொன்றது கடப்பாரை அல்ல, உப்பும் குரோமியமும் கலந்த கழிவுநீர். ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீர் எல்லைக்கல்லைப் பார்த்து நிற்பதில்லை. நிலத்தடியில் பக்கத்துக் கிணற்றுக்குப் போய்விடுகிறது. அங்கிருந்து தென்னைக்கும் போகிறது.

வேலூர் குடிமக்கள் நலப் பேரவை 1991இல் இதை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே இழப்பைச் சரிசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு ஆகாமல் போனதை அது பதிவு செய்தது. குடிநீருக்காகப் பெண்களும் குழந்தைகளும் மைல் கணக்கில் நடப்பதையும் பதிவு செய்தது. பின்னர் இழப்பீட்டை நிர்ணயித்த ஆணையம், 2001 மார்ச்சில் வேலூர் மாவட்டத்தின் 186 கிராமங்களில் 29,193 பேருக்குச் சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய் என்று முடிவு செய்தது. ஏழாண்டுக்கும் மேலான சேதத்துக்கு, சராசரியாக ஒருவருக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம்.

தீர்ப்பில் பெண் இருக்கிறாள்; குடத்தோடு நடக்கிறாள். இழப்பீடோ நிலத்தைக் கணக்கிட்டு வருவது. நிலம் பெரும்பாலும் ஆண் பேரில். ஒரு தென்னை காய்ப்பதை நிறுத்தினால் தேங்காயோடு இழப்பு முடிவதில்லை. அடுப்பெரிக்க மட்டையும் பன்னாடையும், பின்னுவதற்குக் கீற்று, துடைப்பத்துக்கு ஈர்க்கு எல்லாம் போகின்றன. நெட்டை ரகத்தை இன்று நட்டாலும் காய்க்க ஐந்தாறு வருடம் ஆகும். அத்தனை வருடமும் அவள் விறகுக்கு எங்கே போனாள், தண்ணீருக்கு எத்தனை நடை நடந்தாள் என்பதை ஹெக்டேரில் அளக்க முடியாது.

இதற்கு ஒரு பதில் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. மண விலக்கு, சீதனம் போன்ற வழக்குகளில் பெண் இல்லாமலேயே ஜமாத்துகள் முடிவெடுப்பதைக் கண்ட தாவூத் ஷரீஃபா கானமும் அவரோடு இருந்த பெண்களும் புதுக்கோட்டையிலிருந்து பெண்கள் ஜமாத்தை உருவாக்கினார்கள். எந்தச் சமூகத்துப் பஞ்சாயத்துக்கும் பொருந்தும் ஒரு நியாயம் அதில் இருக்கிறது: யாருடைய இழப்பு பேசப்படுகிறதோ அவள் அந்த இடத்தில் இருக்க வேண்டும், அவள் பேசிய பிறகே முடிவு சொல்ல வேண்டும்.

எதிர்க்கேள்வி ஒன்று உண்டு. வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்தான் வேலையும் கொடுக்கிறார். இந்த வட்டாரத்தின் காலணித் தொழிற்சாலைகளில் மேல்தோல் தைக்கும் கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. கிணறு உப்பான வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவருவதும் அதே தோல்தான். அப்படியிருக்க, சண்டை போடு என்று அவளிடம் எளிதாகச் சொல்லிவிட முடியுமா?

முடியாது. அதற்காக வாயை மூடு என்றும் சொல்ல வேண்டியதில்லை. கேரல் கில்லிகன் 1982இல் எழுதிய நூலில், ஒழுக்கச் சிக்கல்களை உரிமைகளின் மோதலாகப் பார்க்காமல் உறவுகளைக் காப்பாற்றும் பொறுப்பாகப் பார்க்கும் இன்னொரு குரல் உண்டு என்றார். அந்தக் குரலை அவர் பெரும்பாலும் பெண்களிடம் கேட்டார். அது மதிப்புள்ள பார்வை. ஆனால் தன்னையும் அந்தப் பொறுப்பில் சேர்த்துக்கொள்ளாத பெண்ணிடம் அது இன்னொரு சுமையாகிவிடும். உறவைக் காப்பது இரு வீட்டுக்கும் உள்ள வேலை. வேரை வெட்டியவருக்கும் அதில் பங்கு உண்டு.

ஆகவே சத்தம் ஓய்ந்துவிட்டது என்பதால் தகராறு தீர்ந்துவிட்டதாக ஆகாது. எது போயிற்று என்பதை இழந்தவள் சொல்ல வேண்டும். தன்னால்தான் போயிற்று என்று மற்றவர் ஒப்புக்கொள்ள வேண்டும். பணம் தந்ததோடு நிற்காமல், அந்த இடத்தில் மீண்டும் ஒன்று வளரும்வரை கூட இருக்க வேண்டும். முருங்கைக்கு இது ஒரு போத்தை நட்டு, அது வேர் பிடிக்கும்வரை தண்ணீர் ஊற்றுவது. பாலாற்றுக்கும் இதே நியாயம்தான். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இந்த வழக்குக்குத் திரும்பி வந்து, இழப்பீட்டை ஆறு வாரத்துக்குள் கொடுக்க உத்தரவிட்டது. சூழலை மீட்டெடுக்கும்வரை மாசுபடுத்தியவரின் கடமை முடிவதில்லை என்றும் சொன்னது. வழக்குத் தொடங்கி 34 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்த மூன்றும் நடந்த பிறகு அவள் விட்டுக்கொடுத்தால், அது அவள் தருவது. அதற்கு முன்பே "விடும்மா" என்று சொல்கிறவர்கள் அவளிடமிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்த முறை அந்தச் சொல் நம் வாயில் வரும்போது, முதலில் அவளை உட்காரவைத்து ஒன்று கேட்போம்: அந்த மரம் உனக்கு என்னவாக இருந்தது?